சனிக்கிழமை மதியம் போட்ட பேட்ச்

காளவாசலைத் தாண்டி மேற்கே போகும் ரோட்டில் ஒரு தனியார் கல்லூரி. அங்கே நான் சிஸ்டம் அட்மின். பெயர்தான் பெரிது. கரண்டில் ஓடும் எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நான், சர்வர் படுத்துக்கொண்டாலும் நான். இங்கே எழுதப்போகும் விஷயம் நடந்தபோது வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஒவ்வொரு ஜூனிலும் ஒரு வருட நீட்டிப்புக் கடிதம் வரும். அது வருமா வராதா என்று மே மாதம் முழுவதும் அலுவலகத் தபாலைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

எனக்கு அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். எங்கள் தெருவிலிருந்து கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் பெண் நான். இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. அந்த அட்டையைக் கழற்றி மேசையில் வைக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எனக்குள் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும்.

சர்வர் அறையை ஒட்டித் தேர்வுப் பிரிவு. அங்கே ஒரு அக்கா. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே டைப்பிங் கற்று, இந்தக் கல்லூரி தொடங்கிய காலத்திலேயே வந்து சேர்ந்தவர். கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பார். மதியம் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். தவக்காலத்தில் அவர் கறி மீன் தொடமாட்டார். என் டப்பாவில் கருவாட்டுக் குழம்பு இருந்தால், "நீ தின்னு பாப்பா, நான் வாசம் பிடிச்சுக்கிறேன். அதுக்குச் சாமி ஒண்ணும் சொல்லாது" என்பார்.

அது ஒரு தவக்காலம்தான். ஒரு நாள் காலையில் எச்சரிக்கை மெயில் ஒன்று வந்தது. எங்கள் சர்வரில் ஓடும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் ஒரு ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார்கள். வெளியாள் யாரும் அதன் வழியாக உள்ளே வர முடியாது. ஆனால் ஏற்கெனவே அந்தச் சர்வரில் லாகின் உள்ள சாதாரண ஆள் ஒருவர், ஒரு சின்ன புரோகிராமை ஓட்டி, 'ரூட்' ஆகிவிடலாம். ரூட் என்றால் சர்வருக்கே முதலாளி. எந்த ஃபைலையும் திறக்கலாம், யாருடைய பெயரிலும் புகுந்து எதையும் செய்யலாம். பாஸ்வேர்டு தேவையில்லை. ஓட்டையை அடைக்கும் பேட்ச் வந்துவிட்டது, உடனடியாக அந்த அப்டேட்டைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யவும் என்று மெயில் முடிந்திருந்தது.

'லோக்கல்' ஓட்டை என்று அதற்குப் பெயர். அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்ததை இப்போதும் மறைக்க முடியாது. லோக்கல் என்றால் நம்ம ஆட்கள்தானே. எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு எவனும் எங்கள் கல்லூரிக்குள் வரப்போவதில்லை. உள்ளே இருப்பது நம்ம ஸ்டாஃப், நம்ம பிள்ளைகள்.

இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் கல்லூரிக்குச் சர்வர் ஒன்றுதான். கம்ப்யூட்டர் லேபில் பிள்ளைகள் புரோகிராம் எழுதுவதும் அதில்தான், தேர்வுப் பிரிவு மார்க் ஏற்றுவதும் அதில்தான். முந்தைய வருடம் இதேபோல ஒரு அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் கொடுத்தேன். சர்வர் எழுந்திருக்கவில்லை. ஒன்றரை நாள் அலுவலகமே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முதல்வர் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்: "ஓடிக்கிட்டிருந்தத எதுக்கும்மா நிறுத்துனீங்க?"

அந்தக் கேள்வி காதில் இருந்துகொண்டே இருந்தது. இன்டர்னல் மார்க் ஏற்றுகிற நேரம் வேறு. முடியட்டும் என்று விட்டேன். பிறகு சித்திரைத் திருவிழா லீவில் ஆள் இருக்கமாட்டார்கள், அப்போது வந்து செய்துவிடலாம் என்று நினைத்தேன். லீவு வந்தது. மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்காரரோடு அழகரைப் பார்க்கப் போய்விட்டேன். மெயிலுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு வைத்திருந்தேன். அதோடு சரி. யாரும் என்னைத் தடுக்கவில்லை. அரை மணி நேரம் சர்வரை நிறுத்த வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவே இல்லை.

மெயில் வந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலை வணிகவியல் துறை ஆசிரியை ஒருவர் முதல்வர் அறைக்குப் போனார். அவர் எழுதிக் கொடுத்த மார்க் வேறு, சர்வரில் இருக்கும் மார்க் வேறு. இரண்டு மாணவர்களுக்குக் கூடியிருந்தது. முதல்வர் என்னைக் கூப்பிட்டு, யார் மாற்றியது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.

பார்த்தேன். திங்கட்கிழமை மாலை ஐந்து பத்துக்கு மார்க் மாறியிருந்தது. மாற்றியவர் என்ற இடத்தில் அக்காவின் லாகின் பெயர் இருந்தது.

என் முதல் நினைப்பு, ஏதோ கை தவறியிருக்கிறது என்பதுதான். அக்கா செய்திருப்பார் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. அதனால் இன்னும் தோண்டினேன். ஐந்து மணிக்கு மேல் அக்காவின் மேசைக் கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்குள் யாருமே லாகின் ஆகவில்லை. ஆனால் அவர் பெயரில் வேலை நடந்திருக்கிறது. தற்காலிக ஃபைல்கள் கிடக்கும் டெம்ப் ஃபோல்டரைத் திறந்தேன். அங்கே சம்பந்தமில்லாத பெயரில் ஒரு சின்ன புரோகிராம் கிடந்தது. அதைப் போட்டது லேபில் எல்லோரும் பயன்படுத்தும் பொது அக்கவுண்டு. நேரம், அதே திங்கட்கிழமை ஐந்து மணி ஐந்து நிமிடம்.

மெயிலில் சொன்னது அப்படியே நடந்திருந்தது. லேபில் உட்கார்ந்த யாரோ ஒருவர் ரூட் ஆகி, அக்காவின் பெயருக்குள் புகுந்து, மார்க்கை மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். நட்சத்திரக் குறி போட்டு நான் விட்டுவைத்த ஓட்டை வழியாக.

அந்தப் புரோகிராமும் நேரமும் தெரிந்த ஸ்கிரீனை என் போனில் ஒரு போட்டோ எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. எரர் வந்தால் போட்டோ எடுத்து வைப்பது என் பழக்கம், கை தானாக அதைச் செய்தது. முதல்வரிடம் போய், "அக்கா லாகின்தான் சார் காட்டுது. இன்னும் பாக்குறேன்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள். ஒரு மணிக்கெல்லாம் அலுவலகம் காலியாகிவிட்டது. சர்வர் அறையில் ஏசி சத்தம் மட்டும். உட்கார்ந்து அப்டேட்டைப் போட்டேன். ஓட்டையை முதலில் அடைக்க வேண்டும், அதுதான் என் கடமை, இனி ஒரு நாள்கூட அதைத் திறந்து வைக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பொய் இல்லை. ஆனால் ரீஸ்டார்ட் ஆனால் டெம்ப் ஃபோல்டர் துடைத்துக் காலியாகிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் புரோகிராமை ஒரு பென்டிரைவில் எடுத்து வைக்க அரை நிமிடம் போதும். பென்டிரைவ் மேசையிலேயே கிடந்தது. நான் எடுக்கவில்லை.

நான்கு நிமிடத்தில் சர்வர் எழுந்துவிட்டது. ஒரு சிக்கலும் இல்லை. மூன்று வாரம் பயந்து பயந்து தள்ளிப்போட்ட வேலை, நான்கு நிமிடம். டெம்ப் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. கதவைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். வெயிலில் சீட் கொதித்தது. வீட்டுக்கு வரும் வரை என்ன நினைத்தேன் என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வருவதில்லை.

திங்கட்கிழமை விசாரணை. முதல்வரும் அலுவலகச் சூப்பிரண்டும் ஒரு பக்கம். அக்கா எதிரே. நான் ஓரத்தில், மடியில் லேப்டாப்போடு. அக்கா உள்ளே வரும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் இருக்கிறேன், உண்மையை எடுத்துச் சொல்லிவிடுவேன் என்ற தைரியத்தில் வந்த சிரிப்பு அது.

"ஒங்க பாஸ்வேர்டு வேற யாருக்காச்சும் தெரியுமா?" என்று முதல்வர் கேட்டார்.

"தெரியாது சார். நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. எங்கயும் எழுதிக்கூட வைக்கல."

"அன்னைக்கு அஞ்சு மணிக்கு மேல எங்க இருந்தீங்க?"

"அஞ்சுக்கே கெளம்பிட்டேன் சார். பஸ் ஸ்டாப்புல நின்னேன்."

"யாரும் பாத்தாங்களா?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "பஸ் ஸ்டாப்புல அம்புட்டுப் பேரு நின்னாங்க சார். யாரு என்னையப் பாத்துருப்பா."

முதல்வர் என் பக்கம் திரும்பினார். "பாஸ்வேர்டு இல்லாம இன்னொருத்தர் இவங்க பேருல நுழைய முடியுமாம்மா?"

அந்த அறையில் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். முடியும் சார், போன வாரம் வரை முடிந்தது, சனிக்கிழமை மதியம்தான் நான் அதை அடைத்தேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாயைத் திறந்தேன்.

"பாஸ்வேர்டு இருந்தாத்தான் சார் முடியும்."

லேப்டாப் மூடியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அக்கா உண்மையைச் சொன்னார். என் பொய் வந்து அந்த உண்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும், அவர் சொன்னதே அவருக்கு எதிராகிவிட்டது. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது என்றால், செய்தது அவர்தான். அக்கா கர்ச்சீப்பை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.

அக்காவை வேலையை விட்டு நீக்கவில்லை. ராஜினாமாக் கடிதம் கேட்டு வாங்கினார்கள். கௌரவமாக அனுப்புகிறோம் என்று சூப்பிரண்டு சொன்னார். கடைசி நாள் மாலை அக்கா சர்வர் அறைக்கு வந்தார். ஒரு துணிப்பையில் டம்ளர், டப்பா, மேசையில் வைத்திருந்த மாதா படம்.

"என் அக்கவுண்ட மூடிரு பாப்பா. நான் நிக்கிறப்பவே மூடு. இனிமே எம்பேருல எதுவும் நடக்கக் கூடாது."

மூடினேன். ஒரே ஒரு வரிக் கட்டளை. அவர் பெயர் எழுத்து எழுத்தாக என் விரலிலிருந்து வந்தது.

"யாரு செஞ்சிருப்பான்னு ஒனக்கு ஏதாச்சும் தோணுதா?" என்றார்.

"தெரியலக்கா."

"எனக்கும் தெரியல. அம்புட்டு யோசிச்சுப் பாத்துட்டேன். நான்தான் கவனமில்லாம எங்கயோ விட்டுட்டேன் போல." பையை எடுத்துக்கொண்டார். "சரி, வாரேன்."

தன்மேலேயே தப்பைத் தேடிக்கொண்டு அவர் படியிறங்கிப் போனதுதான் எனக்குப் பிறகு மாதக்கணக்கில் கண்ணுக்குள் நின்றது. மதியம் தனியாகச் சாப்பிட முடியாமல் டப்பாவை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோவேன். "சோத்தக்கூட திங்காம அப்படி என்ன வேலை?" என்று வீட்டுக்காரர் கேட்பார். அவரிடமும் சொல்லவில்லை. போனில் மகளின் திருவிழாப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும்போது, பொய்க்கால் குதிரை ஆட்டத்துக்கும் பஞ்சுமிட்டாய்க்கும் அடுத்தாற்போல அந்தக் கறுப்பு ஸ்கிரீன் வந்து நிற்கும். அழிக்கவும் கை வராது, பார்க்கவும் முடியாது. ஜூனில் எனக்கு நீட்டிப்பு வந்தது. அடுத்த ஜனவரியில் நிரந்தரமும் ஆனது. ஆர்டரை வாங்கிக்கொண்டு வந்து கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்தபோது, சந்தோஷத்தில் அழுதிருக்கிறேன் என்று நினைத்துக் கை கொடுத்தார்கள்.

அதற்கு அடுத்த மாதம் அலுவலகத்தில் பிரிண்டர் பழுது. மேசைக்கு அடியில் குனிந்து ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூப்பிரண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். அழகர்கோவில் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடம் போலிருக்கிறது. வேலைக்கு விண்ணப்பித்திருந்த ஒருவரைப் பற்றி விசாரித்தார்கள்.

"ஆமா, இங்க இருந்தவங்கதான். வேலையெல்லாம் சுத்தமா செய்வாங்க. ஆனா ஒண்ணு சொல்லுறேன், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. மார்க்கு, சர்டிபிகேட்டு இந்த மாதிரி விசயத்தை மட்டும் அவங்க கையில குடுக்காதீங்க. வேற என்னத்தச் சொல்ல."

சூப்பிரண்டு கெட்ட மனிதர் இல்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். அவருக்கு அப்படித் தெரியும்படி செய்தது நான். மேசைக்கு அடியிலிருந்து எழுந்திருக்க எனக்கு நேரம் ஆனது. பிரிண்டர் அப்போதே சரியாகியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்திருக்கும் நேரம் பார்த்து அக்கா வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும், "வா பாப்பா, எம்புட்டு நாளாச்சு" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். மகள் எப்படியிருக்கிறாள், அங்கே இப்போது யார் மார்க் ஏற்றுகிறார்கள் என்றெல்லாம் கேட்டார். இதற்கு மேல் போனால் சொல்லவே முடியாது என்று தோன்றியது.

"அக்கா, அன்னைக்கு மார்க்க மாத்துனது நீங்க இல்லைன்னு எனக்குத் தெரியும்."

"நான் இல்லைன்னு எனக்கும்தான் தெரியும்" என்று சிரித்தார்.

"அப்படி இல்லக்கா. எனக்கு நெசமாவே தெரியும். அப்பவே தெரியும்."

சொன்னேன். ஓட்டை என்றால் என்ன, ரூட் என்றால் என்ன, மெயில் எப்போது வந்தது, சனிக்கிழமை மதியம் என்ன செய்தேன், எல்லாம். பாதியில் அவர் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். வாசலில் யாரோ காய்கறி விற்றுக்கொண்டு போனார்கள்.

"ஒரு போட்டோ எடுத்தேன்னு சொன்னியே. இருக்கா?"

"இருக்குக்கா."

"எப்பலேருந்து இருக்கு?"

"அன்னைலேருந்தே."

"அப்ப, அந்த ரூமுல நான் உக்காந்திருந்தப்ப அது ஒன் போன்ல இருந்துச்சு."

தலையை ஆட்டினேன்.

"நான் ஒன்னையப் பாத்துச் சிரிச்சப்பவும்."

"மன்னிச்சிருங்கக்கா."

அக்கா டீ டம்ளரை எடுத்தார். நான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. உள்ளே கொண்டுபோய் ஊற்றிவிட்டு, டம்ளரைக் கழுவும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் உட்காரவில்லை.

"எங்கிட்ட சொல்லி ஒரு பிரயோசனமும் இல்ல. எங்க பொய் சொன்னீங்களோ அங்க போயி சொல்லுங்க. எழுதிக் குடுங்க. மத்ததெல்லாம் பெறகு."

நீங்க என்று சொன்னார். சேர்ந்த நாளிலிருந்து என்னை அவர் அப்படி அழைத்ததே இல்லை.

மறுநாளே கொடுத்துவிடவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். நான்கு நாள் ஆனது. கடிதத்தை எழுதுவேன், பையில் வைப்பேன், மாலையில் அப்படியே திரும்பக் கொண்டுவருவேன். நான்காம் நாள் மதியம் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "வேலை போனா போகட்டும். குடுத்துட்டு வா" என்றார். போனை வைத்த கையோடு முதல்வர் அறைக்குப் போனேன்.

அவர் கடிதத்தைப் படித்தார். மெயில் வந்த தேதி, பேட்ச் போட்ட தேதி, அச்செடுத்த போட்டோ எல்லாவற்றையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"முடிஞ்சு போன விசயம். இத இப்ப எதுக்கும்மா கெளப்புறீங்க?"

"அவங்களுக்கு இன்னும் முடியல சார்."

"ஒங்களுக்குத்தான் பிரச்சினை வரும், தெரியும்ல?"

"தெரியும் சார்."

ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த மாதம் முழுவதும் வாரம் ஒருமுறை அவர் அறை வாசலில் போய் நின்றேன். கடைசியில் அக்காவின் பெயருக்கு ஒரு கடிதம் போனது. மார்க் மாற்றத்துக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று கல்லூரி அறிகிறது, நேர்ந்ததற்கு வருந்துகிறது என்று நான்கு வரி. திரும்ப வேலைக்கு வரச் சொல்லியும் கேட்டார்கள். அவர் வரவில்லை. அந்தப் பள்ளிக்கூடம் அதற்குள் வேறு ஆளை எடுத்துவிட்டது. லேபில் அன்று உட்கார்ந்தது யார் என்பது கடைசி வரை தெரியவில்லை. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நான்தான் துடைத்துவிட்டேனே.

எனக்கு ஒரு மெமோ வந்தது. இனிமேல் எச்சரிக்கைகள் வந்தால் உடனே முதல்வருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. வேலை போகவில்லை. சர்வரைத் தெரிந்த வேறு ஆள் அவர்களுக்கு இல்லை, அதனால் இருக்கலாம். அக்கா எந்தத் தப்பும் செய்யாமல் வேலையை விட்டுப் போனார். நான் எல்லாம் செய்துவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். தண்டனை கிடைத்திருந்தால் தேவலை என்று சில நாள் தோன்றும். அதுவும் என் வசதிக்காக நினைப்பதுதான் என்று உடனே தெரிந்துவிடும்.

போன ஐப்பசியில் காளவாசல் பஸ் ஸ்டாப்பில் அக்காவைப் பார்த்தேன். மழை வரும் போலிருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் போய் நின்றேன். இப்போது ஊமச்சிகுளம் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறாராம். பழைய வேலை மாதிரி இல்லை, ஆனால் பிள்ளைகள் சத்தம் கேட்டுக்கொண்டே இருப்பது பிடித்திருக்கிறதாம்.

"அந்த லெட்டர் வந்துச்சு" என்றார். "லேமினேட் பண்ணி வச்சிருக்கேன். யாரு கேட்டாலும் காட்டலாம்ல."

நான் வண்டிச் சாவியைப் பைக்குள் போட்டேன்.

"பாப்பா என்ன படிக்குது?" என்றார்.

என் மகளைத்தான் கேட்கிறார் என்று புரிய ஒரு நொடி ஆனது.

"மூணாவது படிக்குறாக்கா."

"நல்லாப் படிக்க வைங்க." பஸ் வந்தது. கூட்டம் முண்டியது. ஏறி, ஜன்னல் ஓரம் இடம் கிடைத்து உட்கார்ந்தார். மழை பிடித்துக்கொள்ளவே, பஸ் நகரும் முன் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டார்.